ராசம்மாள் வாங்கிய வாட்ச்மேன் செட்டு

ராசம்மாளின் ரேடியோவில் பழுது எதுவும் இல்லை. அன்புமணி அதை ஒரு சனிக்கிழமை முழுக்கச் சோதித்துப் பார்த்துவிட்டான்.

அவனுக்கு அதுதான் தொழில். மின்னணுப் பொருட்கள் கடைக்குப் போகுமுன் அவற்றை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்கிற ஆய்வுக்கூடம் ஒன்று சரவணம்பட்டியில் இருக்கிறது. அங்கே பதினாறு வருடமாக இருக்கிறான். விடுமுறை நாளில் கூடம் காலியாகக் கிடந்தபோது அம்மாவின் செட்டைக் கொண்டுபோய்க் கழற்றினான். நிலையத்தைச் சரியாக இழுத்தது. ஸ்பீக்கர் கிழியவில்லை. வால்யூம் திருகில் தூசி இருந்தது, துடைத்தான். மூடி, நாலு திருகையும் முடுக்கி, மறுநாள் கணபதியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு எடுத்துப் போனான்.

ராசம்மாள் அதை வழக்கமான இடத்தில், ஜன்னலோரத்து அரிசி டிரம்மின்மேல் வைத்தாள். ஒரு நிமிடம் கேட்டாள்.

"நல்லா இருக்குது கண்ணு. பேச்சு மட்டும் கொழகொழன்னு வருது. களி கிண்டுனாப்ல."

கட்டிலில் உட்கார்ந்திருந்த ஐயாசாமி மகனைப் பார்த்துச் சொன்னார்: "செட்டுல ஒண்ணுமில்லடா. உங்கம்மா வெக்கற சத்தத்துல அந்தப் பொட்டிக்கே காது போயிருக்கும். தெருவுக்கே இவதான் செய்தி வாசிக்கறா."

"உங்களை யாருங்க கேட்டாங்க. நீங்க அக்கட்டால திரும்பிப் படுங்க."

பொருளில் குறை இல்லையென்றால் அது இருக்கிற இடத்தில் தேட வேண்டும் என்பது அன்புமணியின் வேலையில் வழக்கம். பக்கத்து லேத் பட்டறை மோட்டாரால் இரைச்சல் வருகிறதா என்று பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை பூட்டியிருந்தது. வீட்டு எல்.இ.டி. பல்பையும் செல்போன் சார்ஜரையும் அணைத்தான். தெளிவாகத்தான் வந்தது. அவன் காதுக்குத் தெளிவாக வந்தது. இடமும் சரி. இனி மிச்சமிருப்பது கேட்கிற ஆள் மட்டும்தான்.

செட்டு கெட்டுப்போன கதை மூன்று மாதத்துக்கு முன்னால் தொடங்கியது. ராசம்மாள் கோவை வானொலிக்குத் தபால் அட்டை போடுகிறவள். அன்புமணி ஐந்தாம் வகுப்பு படித்தபோதே அவள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறான். விவசாய நிகழ்ச்சியில் பேசியவர் சரியில்லை, பாட்டைப் பாதியில் நிறுத்தாதீர்கள், வானிலை சொல்பவர் மெதுவாகச் சொல்லலாம் என்பது மாதிரி. வருடத்துக்கு ஒருமுறை இருமுறை அவள் பெயரை வாசிப்பார்கள். அப்படி ஒருநாள் வாசித்திருக்கிறார்கள். மறுநாள் எதிர்வீட்டுப் பழனாத்தாள் வந்து, "ஏனுங்க ராசம்மாக்கா, நேத்து உங்க பேரைச் சொன்னாங்களே, கேட்டீங்களா?" என்றாள்.

ராசம்மாள் அந்த நேரம் செட்டுக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள். தன் பெயர் போனதே தெரியவில்லை.

"கேட்டனே. கேக்காம?" என்று சொல்லிப்போட்டாள். அன்று மாலையே மகனுக்குப் போன் செய்து செட்டு போய்விட்டது என்றாள்.

அவளுக்கு அது சின்ன விஷயமில்லை. பஸ்ஸின் பெயர்ப்பலகைக்கு மேல் அவளுக்குப் படிக்கத் தெரியாது. டி.வி. என்றால் கண்ணைக் கட்டிப்போடுகிறது, கை வேலை ஓடாது என்பாள். உலகத்தில் நடந்தது எதுவானாலும் இத்தனை வருடமும் அந்தப் பெட்டி வழியாகத்தான் அவளிடம் வந்தது. செட்டு கெட்டிருந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். காது கெட்டிருந்தால் எங்கே போய் வாங்குவது?

"டவுன்ஹால் கடைவீதிக்குப் போலாம் கண்ணு. புதுசா ஒண்ணு பாப்போம்" என்றாள். வாங்கும் புதுச் செட்டிலும் பேச்சு கொழகொழவென்று வந்தால் என்ன செய்வாள் என்று அன்புமணிக்குத் தெரியவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை லீவு போட்டான்.

ராசம்மாள் கொடுமுடிப் பக்கத்தில் பிறந்தவள். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். வாழை, மஞ்சள், கரும்பு. பதினோரு வயதில் வாழைக்கன்று சுமந்தாள். தோட்டத்து மோட்டார் ரூமில் ரேடியோ பாடும். இவர்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லை. வரப்பில் நின்றபடியே கேட்டாள். பத்தொன்பதில் ஐயாசாமியைக் கட்டிக்கொண்டு கணபதிக்கு வந்தாள். அவருக்கு வார்ப்படப் பட்டறையில் வேலை. இவளுக்கு நூல் மில்லில். முதல் போனஸில் மூக்குத்தி எடுக்கச் சொன்னார் அவர். இவள் ரேடியோ எடுத்தாள்.

மில்லில் இருபத்தேழு வருடம். ஸ்பின்னிங் பகுதியில் வரிசை வரிசையாக மிஷின் ஓடும். அதில் ஆயிரக்கணக்கில் நூல் கதிர்கள் சுற்றும். இழை அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள். தூரத்தில் நிற்பவளுக்கும் புரியும். சம்பளம் போட்டாச்சு, சூப்பர்வைசர் வருகிறான், உன் மருமகள் முழுகாமல் இருக்கிறாளாமே, எல்லாமே உதட்டில்தான். புதிதாகச் சேர்ந்த பெண் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வாள். அப்புறம் வீட்டிலும் அதே பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

அன்புமணி நடக்கப் பழகிய வயதிலேயே இதையும் பழகினான். அப்பா கோபமாக உட்கார்ந்திருந்தால் அவர் தலைக்கு மேலாக அம்மாவும் மகனும் பேசிக்கொள்வார்கள். ஐயாசாமிக்கு இன்றுவரை அது பிடிபடவில்லை. "ரெண்டும் மீனாட்டம் வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க" என்பார்.

டவுன்ஹாலில் மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. சஹீரின் கடை அதில் நாலாவது. டார்ச், எமர்ஜென்சி லைட், சார்ஜர், ரிமோட். ரேடியோ கேட்டால் மேல்தட்டிலிருந்து துணியால் துடைத்து எடுத்துத் தருவார்.

"வாங்கம்மா. மொபைல்லயே ரேடியோ வருதே, இன்னும் செட்டு கேக்கறவங்க நீங்களும் நாலு வாட்ச்மேனுந்தான்."

"மொபைல்ல பேச என்ற ஊட்டு ஆளுங்களே போதும் தம்பி. செட்டை எடுங்க."

சஹீர் மூன்று செட்டுகளை வைத்தார். மூன்றுமே முள் ஓடுகிற பழைய மாதிரி. முதலாவது மரநிறப் பெட்டி, பெரிய ஸ்பீக்கர். இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது உள்ளங்கை அளவு, கறுப்பு பிளாஸ்டிக், கையில் மாட்ட ஒரு கயிறு.

"இந்தச் சின்னது எதுக்கு வெச்சீங்க?" என்றான் அன்புமணி.

"வெலை கம்மியாக் கேக்கறவங்களுக்கு சார். வாட்ச்மேன் செட்டும்பாங்க."

கடைக்குள் டியூப்லைட்டும் சார்ஜர்களும் சேர்ந்து மீடியம் வேவில் வண்டு மாதிரி இரைந்தன. அன்புமணி மூன்றையும் எடுத்துக்கொண்டு சந்தின் முனைக்கு வந்தான். அங்கே ஒரு கற்பலகை கிடந்தது. அம்மாவை அதில் உட்காரவைத்தான். பேட்டரி போட்டான். ஒவ்வொன்றையும் படுக்கைவாக்கில் மெதுவாகச் சுழற்றினான். உள்ளே கறுப்புக் கம்பியில் சுற்றிய செப்புதான் ஏரியல். அது நிலையத்துக்குப் பக்கவாட்டில் நின்றால் நன்றாக வாங்கும், நுனியைக் காட்டினால் செத்துப்போகும். அப்புறம் பகலில் சன்னமாக வரும் வெளியூர் நிலையத்தைத் தேடினான். பக்கத்து நிலையத்தை எந்தச் செட்டும் எடுத்துவிடும். தூரத்தில் இருப்பதை எது பிடிக்கிறது என்பதில்தான் தெரியும். மரப்பெட்டி பிடித்தது. நடுத்தரம் அதைவிடக் கொஞ்சம் மேல். வாட்ச்மேன் செட்டில் வெறும் இரைச்சல். அவன் மனதில் முடிவாகிவிட்டது.

கோவை நிலையத்துக்கு மரப்பெட்டியைத் திருப்பினான். யாரோ ஓர் அம்மாள் வாழை நடவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். குரல் நிறைந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. சஹீர் கடையிலிருந்தே, "பேஸ் சவுண்டு பாருங்க சார்" என்றார்.

ராசம்மாள் சத்தம் கேட்பதற்கு முன்னால் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். மில்லில் மிஷினை இப்படித்தான் பார்ப்பாள். காது உதவாத இடத்தில் கையை வைத்தால் பேரிங் தேய்ந்தது தெரியும்.

"வகுறு அதுருது" என்றாள். "பேச்செல்லாம் வகுத்துக்குள்ளயே போயிரும்."

"அந்தம்மா என்ன சொல்றாங்கம்மா?"

"வாழையப் பத்தித்தான்."

"வாழையப் பத்தி என்ன?"

அவள் மகன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "என்னமோ சொல்றா. எல்லாம் நல்லதுக்குத்தான் சொல்லுவா."

அன்புமணி அடுத்ததை வைத்தான். முள்ளை நிலையத்தின் நட்டநடுவில் நிறுத்தினான். சுத்தமாக வந்தது. அவன் காதுக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ராசம்மாள் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டாள். நெற்றி சுருங்கியது. அந்தம்மாள் பேசி நிறுத்தும்போதெல்லாம் "ம்" போட்டாள். வாக்கியம் முடிகிற இடத்திலும் போட்டாள், முடியாத இடத்திலும் போட்டாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் எல்லாரிடமும் இப்படித்தான் "ம்" போடுகிறாள், ஆனால் சரியான இடத்தில் போடுகிறாள். பழனாத்தாள் பேசினால், ஐயாசாமி முனகினால், தான் பேசினால். எதிரில் ஒரு வாய் இருக்கிறவரை அவளுக்குக் காது தேவைப்படவில்லை. வயதாகி, கண் போகாமல் காது போயிருக்கிறது. போனது அவளுக்கே தெரியவில்லை. வாய் இல்லாமல் பேசுகிற ஒரே ஆள் அந்த ரேடியோ. அதனால்தான் ரேடியோ மட்டும் கெட்டுப்போனது.

"இதும் அப்படித்தான் இருக்குது கண்ணு" என்றாள் ராசம்மாள். குரல் இறங்கியிருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள். சந்தின் முனையில் போகிற வண்டிகளையே பார்த்தாள். எதற்குமே ஓய்ந்து உட்காராத மனுஷி அப்படி உட்கார்ந்திருந்ததை அவனால் பார்க்க முடியவில்லை.

"போலாமா?" என்றாள்.

"இன்னொண்ணு இருக்குதும்மா."

வாட்ச்மேன் செட்டைப் போட்டான். தகர டப்பாவுக்குள் கரண்டியால் தட்டுவதுபோலக் குரல் வந்தது. அடிச்சத்தம் என்பதே கிடையாது. அன்புமணி முள்ளை நடுவில் நிறுத்தப் பார்த்தான். திருகு லொடலொடத்தது, விரலை எடுத்ததும் ஒரு மயிரிழை நழுவி ஓரத்துக்குப் போனது. குரலோடு சேர்ந்து 'ஸ்' என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. மறுபடி சரிசெய்ய விரலைக் கொண்டுபோனான்.

ராசம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"சித்த இரு."

அவள் வண்டிகளைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். செட்டைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலால் திருகை இன்னும் ஓரத்துக்குத் தள்ளினாள். அன்புமணியின் காதுக்கு அது பட்டாணி வறுக்கிற சத்தமாக இருந்தது. ரேடியோவில் பேசியவள், ஓர் ஆள் ஒரு நாளில் நூறு கன்று சுலபமாக நட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நூறு கன்னா?" என்றாள் ராசம்மாள். "சொலுவமாவா? குழி யாரு எடுக்கறது, உன்ற ஊட்டுக்காரனா?"

அன்புமணி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான்.

"கன்னு என்ன, அதும்பாட்டுக்கு வந்து குழிக்குள்ள எறங்குமா? சொமந்து பாத்திருக்கியா நீயி? இடுப்பு கழண்டு போயிரும். கண்ணு, இவளுக்கு ஒரு தபால் போடணும். பேரு என்னன்னு கேளு."

கடைக்குள்ளிருந்து சஹீர் எட்டிப் பார்த்தார். "யாருகூடம்மா சண்டை?"

"ரேடியோக்காரிகூடத் தம்பி. நூறு கன்னு நடுவாளாமா."

"அப்ப செட்டு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார் சஹீர்.

நடந்தது என்ன என்பதை அன்புமணி நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டுவிட்டான். மில் சத்தம் காதில் முதலில் தின்பது மெல்லிய, கூர்மையான ஒலிகளை. ச, த, க, ப எல்லாம் மழுங்கிப்போய் அ, ஆ மட்டும் மிஞ்சும். அதுதான் களி. நல்ல செட்டு அடிச்சத்தத்தைக் கூட்டி அந்தக் களியை இன்னும் கட்டியாக்கும். மட்டமான செட்டில் அடிச்சத்தமே வராது. முள்ளையும் நிலையத்தின் ஓரத்துக்குத் தள்ளினால் கூர்மையான ஒலிகள் முன்னால் வரும், இரைச்சலும் கூடவே வரும். இரைச்சலை அவள் காது பொருட்படுத்தாது. இருபத்தேழு வருடம் அதில்தான் நின்றாள்.

இதெல்லாம் அவனுக்குப் பாடத்தில் இருந்தது. அவளுக்குக் கட்டைவிரலில் வந்தது. இன்னொன்றும் நினைவுக்கு வந்து அவனைக் குத்தியது. பழைய செட்டில் முள் எப்போதும் ஓரமாகவே நிற்கும். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் அதைத் திருத்தி நடுவில் வைப்பான். "இப்படி வெச்சாத்தாம்மா சரி." அவள் "சரி கண்ணு, நல்லா இருக்குது" என்பாள். அவன் தெருமுனை தாண்டுமுன் பழையபடி தள்ளியிருப்பாள். எத்தனை வருடமோ. கடைசியில் அந்த ஓரமும் போதாமல் போயிருக்கிறது.

சின்னதையே வாங்கினார்கள். சஹீர் பெரிய செட்டை மறுபடி துணியில் சுற்றி மேலே ஏற்றினார். "சார்தான் டெஸ்ட்டு பண்ணினாரு, பாஸ் போட்டது அம்மா" என்றார்.

கணபதி பஸ்ஸில் கூட்டம். ராசம்மாளுக்கு முன்பக்கத்துப் பெண்கள் சீட்டில் இடம் கிடைத்தது. அன்புமணி பின்படி அருகில் தொங்கினான். காந்திபுரம் தாண்டியதும் அவள் திரும்பி, தலைகளுக்கு இடையில் மகனைத் தேடிப் பிடித்தாள். சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்.

செட்டு இல்ல கண்ணு. என்ற காதுதான்.

அவனும் சத்தமில்லாமல் சொன்னான். தெரியும்.

எப்பருந்து?

நிச்சயமாத் தெரிஞ்சது இன்னைக்குத்தான்.

அவள் மடியிலிருந்த செட்டைப் பைக்குள் தள்ளினாள். மறுபடி திரும்பினாள். உங்கப்பனுக்குச் சொல்லாத. சொன்னா ஊரையே கூட்டிச் சிரிப்பாரு.

இடையில் நின்ற கண்டக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஸ்டாப்பிங் சொல்லணும்னா வாயத் தொறந்து சொல்லுங்க சார்" என்றார்.

இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அன்புமணிக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. நின்றான். அவள் முன்னால் வந்து, முகத்துக்கு நேராகக் கேட்டான்.

"அம்மா, டெய்லி போன் பண்றனே. அதுல என்ற வாய் தெரியாதே."

"தெரியாதே."

"அப்புறம் எப்படிப் பேசற?"

"நீ என்னத்தப் புதுசாக் கேட்டுடுவ? சாப்ட்டியாம்ப. சாப்ட்டன்னு சொல்லுவேன். மாத்திரை போட்டியாம்ப. போட்டேன்னு சொல்லுவேன். அதுக்கு மேல என்னமோ சொல்லிட்டிருப்ப. சரி கண்ணு, சரி கண்ணும்பேன். நீயும் வெச்சிருவ."

"ஒண்ணுமே கேக்கலியா?"

"உன்ற குரல் கேக்குமே. நல்லா இருக்கறயா, சடஞ்சு போயிருக்கறயான்னு தெரியும். அது போதுமே."

அவன் போனில் சொன்னதையெல்லாம் நினைத்துப் பார்த்தான். வேலையில் ஒருமுறை பெரிய தப்பு செய்து பயந்திருந்ததைச் சொல்லியிருந்தான். குழந்தை தங்காமல் போனதை, மனைவிக்குத் தெரியாமல் ஒரு மாலை அழுதுகொண்டே அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தான். அவள் சரி கண்ணு, சரி கண்ணு என்றாள். அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதும் நினைவில் இருந்தது. சரவணம்பட்டியிலிருந்து கணபதிக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம். அவன் போன்தான் செய்துகொண்டிருந்தான்.

காது டாக்டரிடம் கூட்டிப்போனான். காதுக்குள் வைக்கும் மிஷின் வாங்கிக் கொடுத்தான். மில்லுக்குள் மறுபடி நுழைந்த மாதிரி இருக்குது என்று நாலாம் நாள் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டாள். வாட்ச்மேன் செட்டு ஓடியது. ரேடியோக்காரிகளோடு சண்டை தொடர்ந்தது. வாழைக்காரிக்குத் தபால் அட்டை போனது. பதில் வரவில்லை.

செட்டு வாங்கிய அடுத்த வாரத்திலிருந்தே அன்புமணி போன் செய்வதை நிறுத்தினான். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேராக கணபதிக்குப் போனான். அவளுக்கு எதிரில், முகம் தெரிகிற மாதிரி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். முதல் வியாழனன்று குழந்தை விஷயத்தை மறுபடி சொன்னான். அவள் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். அப்புறம் வெகுநேரம் அவன் கையை விடவில்லை. நாலைந்து வாரம் போனதும் ஐயாசாமி கட்டிலிலிருந்து, "என்னடா இது, வாரா வாரம் வந்து நிக்கறே, பொண்டாட்டி தொரத்திவுட்டுட்டாளா?" என்றார்.

ராசம்மாள் இந்த ஆனியில் இறந்துபோனாள். தூக்கத்தில். நோய் என்று ஒன்றுமில்லை.

அதுவரை தொண்ணூற்றேழு வியாழக்கிழமைகள். இரண்டு வாரம் காய்ச்சல், நாலு வாரம் வேலையாக வெளியூர், அவற்றைக் கழித்துவிட்டான். சோதனைக்கூடத்து ஆள். எண்ணாமல் இருக்க முடியாது. ஐயாசாமிக்குக் காது நன்றாகக் கேட்கிறது, போனில் பேசினாலே போதும். அன்புமணி இப்போதும் வியாழக்கிழமை கணபதி பஸ் ஏறுகிறான்.